கடைசி எட்டு ஆட்டங்கள்

லீக் போட்டிகளின் கடைசி வாரங்கள் நெருங்கிவிட்டால் கஞ்சிக்கோட்டு ஆலை வாசல்களிலும் வண்டிப்பெரியாற்று டீக்கடைகளிலும் ஒரு கணக்கு ஆரம்பமாகிவிடும். இன்னும் நாலு ஆட்டம் பாக்கி. மூன்றில் ஜெயித்து ஒன்றில் சமன் செய்தால் பத்துப் புள்ளி. மேலே இருப்பவன் இரண்டில் தோற்றால் நமக்கு நாலாமிடம்.  சம்பளத்தில் வாடகையும் சீட்டுப் பணமும் போக ஊருக்கு அனுப்ப என்ன மிஞ்சும் என்று பார்க்கிற அதே கவனத்தோடுதான் நம்மவர்கள் இந்தக் கணக்கையும் போடுகிறார்கள். பக்கத்தில் இருப்பவர் சிரிக்கிறார். நடக்கிற காரியமா இது என்கிறார்.

நடந்திருக்கிறது என்பதே நமது பதில்.

2019-20 இந்தியன் சூப்பர் லீக்கை எடுத்துக்கொள்வோம். பத்து அணிகள், ஒவ்வொன்றுக்கும் 18 ஆட்டங்கள், முதல் நான்கு இடங்களுக்கு அரையிறுதி. 2019 நவம்பர் முடிவில் சென்னையின் எப்.சி. ஆறு ஆட்டங்கள் ஆடி ஐந்தே புள்ளிகளோடு நின்றது. முதல் நான்கு ஆட்டங்களில் ஒரு கோல்கூடப் போடவில்லை. 2018-இல் கோப்பை வென்று தந்த பயிற்சியாளர் ஜான் கிரகரி விலகிக்கொண்டார். ஓவன் காயில் என்ற ஸ்காட்லாந்துக்காரர் பொறுப்புக்கு வந்தார். வந்தவுடன் மாயம் எதுவும் நிகழ்ந்துவிடவில்லை. 2020 ஜனவரி 6-ஆம் தேதி ஒடிசாவிடம் 0-2 என்று தோற்றபோது, பத்து ஆட்டங்களில் ஒன்பது புள்ளிதான். அன்றைக்கு அந்த அணியின் ரசிகரைப் பார்த்துச் சிரித்தவர்களைக் குறை சொல்ல முடியாது.

அதற்குப் பிறகு எஞ்சியிருந்தவை எட்டு ஆட்டங்கள். ஆறில் வெற்றி, இரண்டில் சமன், தோல்வி ஒன்றுமில்லை. 24 புள்ளிகளுக்கு 20 புள்ளி! ஜாம்ஷெட்பூரை 4-1, முன்னணியில் இருந்த கொல்கத்தா அணியை அதன் சொந்த மைதானத்தில் 3-1. பிப்ரவரி 21-இல் மும்பைக்கே சென்று, தடுப்பாட்டக்காரர் லூசியன் கோயன் போட்ட ஒற்றைக் கோலில் வென்றது. நாலாமிடம் யாருக்கு என்ற வழக்கை அந்த ஆட்டம் தீர்த்து வைத்தது. காயில் புதிதாக ஓர் அணியைக் கடையில் வாங்கி வரவில்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். வால்ஸ்கிஸ், கிரிவெல்லாரோ, சாங்டே, தாப்பா என்று பெரும்பாலும் அதே ஆட்டக்காரர்கள்தான். பயந்து பின்வாங்கி ஆடியவர்களை முன்னேறி ஆடச் சொன்னார், ஆடினார்கள். சொந்த வலைக்குள்ளும் பந்து வரத்தான் செய்தது. ஆனால் எதிரியின் வலைக்குள் அதைவிட அதிகம் போயிற்று.

அந்த எட்டு ஆட்டங்களில் ஒன்று நம் வாசகர்களை நேரடியாகத் தொட்டது. பிப்ரவரி 1-ஆம் தேதி கொச்சியில் கேரளா பிளாஸ்டர்சை 6-3 என்று சென்னை வென்றது. பிளாஸ்டர்சுக்காக ஒக்பெச்சே மட்டும் மூன்று கோல் போட்டும் பலனில்லை. எந்தப் பக்கம் கை தட்டுவது? சிற்றூரில் பிறந்து மலையாளப் பள்ளியில் படிக்கும் மகன் மஞ்சள் சட்டை கேட்கிறான். தேனியிலிருந்து தேவிகுளத்துக்கு வந்து முப்பது வருஷம் வேலை பார்த்த தகப்பனார் நீலத்தை விட மறுக்கிறார். இது வீட்டுக்குள் வரும் சச்சரவாக இருக்கும்வரை நல்ல சச்சரவுதான். வெளியே, 'இங்கே சாப்பிட்டுக்கொண்டு அங்கே கை தட்டுகிறான்' என்று ஒரு குரல் எழுந்தால் அதை நாம் ஏற்பதற்கில்லை. பம்பாய் மலையாளி பிளாஸ்டர்சுக்காகக் கத்துவதை மகாராஷ்டிரத்துக்கு எதிரான காரியம் என்று யாரும் சொல்வதில்லையே! அதுபோலவே நம் பிள்ளைகள் மஞ்சள் சட்டை போட்டால் தமிழ் குறைந்துவிடும் என்று அங்கலாய்ப்பதும் வேண்டாத வேலை.

மஞ்சள் சட்டைக்காரர்களுக்கும் சொல்ல ஒரு கதை உண்டு. பத்தாம் இடத்தில் முடித்த அடுத்த பருவத்திலேயே, 2021-22-இல், பிளாஸ்டர்ஸ் நாலாமிடம் பிடித்து, லீக்கில் முதலிடம் வந்த ஜாம்ஷெட்பூரை அரையிறுதியில் சாய்த்தது. 2022 மார்ச் 20-ஆம் தேதி கோவாவில் இறுதி ஆட்டம். கே.பி. ராகுல் போட்ட கோலில் 88-ஆவது நிமிஷம் வரை முன்னணி. பிறகு ஹைதராபாத் சமன் செய்தது. பெனால்டியில் 3-1 என்று கோப்பை கை நழுவியது. 2014, 2016 ஆகிய ஆண்டுகளுக்குப் பிறகு மூன்றாவது இறுதித் தோல்வி. அன்று உதைகளைத் தடுத்து நிறுத்திய ஹைதராபாத் கோல் காப்பாளர் லட்சுமிகாந்த் கட்டிமணியை சென்னை ரசிகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2015 இறுதி ஆட்டத்தில் அவர் கோவாவின் காப்பாளர். கடைசி நேரத்தில் அவர் பெயரில் விழுந்த சுய கோல்தான் சென்னையைச் சமநிலைக்குக் கொண்டுவந்தது. சற்று நேரத்தில் மென்டோசா அடித்து 3-2 ஆக்கினார். கேரளத்தின் கண்ணீருக்கும் சென்னையின் சிரிப்புக்கும் ஒரே மனிதர் காரணமாக இருந்திருக்கிறார்!

அந்த 2015-ஆம் ஆண்டும் கடைசி நேர ஓட்டம்தான். பட்டியலின் அடியில் கிடந்த அணி, லீக்கின் கடைசி நான்கு ஆட்டங்களையும் வென்று அரையிறுதிக்கு வந்தது. அப்போது சென்னை வெள்ளத்தில் மூழ்கியிருந்தது. சொந்த ஊரில் ஆட வேண்டிய அரையிறுதியைப் புனேயில் ஆடினார்கள். கொல்கத்தாவை 3-0 என்று வென்றார்கள். வெள்ளத்தில் வீட்டார் என்ன ஆனார்கள் என்று தெரியாமல் வெளிமாநிலங்களில் தவித்துக்கொண்டிருந்த தமிழர்களுக்கு அந்த இரவு எப்படி இருந்திருக்கும் என்பதை நாம் விவரிக்க வேண்டியதில்லை.

2020-இன் முடிவு அவ்வளவு இனிப்பாக இல்லை. அரையிறுதியில் கோவாவை இரண்டு ஆட்டங்களிலும் சேர்த்து 6-5 என்ற கணக்கில் தாண்டிய சென்னை, மார்ச் 14-ஆம் தேதி கொல்கத்தாவிடம் 1-3 என்று தோற்றது. கொரோனா காரணமாக மைதானத்தில் ஒரு ரசிகர்கூட இல்லை. ஆனாலும் பத்து ஆட்டங்களில் ஒன்பது புள்ளியிலிருந்து இறுதி ஆட்டம் வரை வந்த அணியை யார் தோற்ற அணி என்று நினைக்கிறார்கள்?

ஆகவே கணக்குப் போடுங்கள் என்றுதான் சொல்வோம். ஆனால் கணக்குப் போட ஒரு பருவம் இருக்க வேண்டும் அல்லவா? கால்பந்து சம்மேளனத்துக்கும் வர்த்தக உரிமை பெற்ற கம்பெனிக்கும் இடையிலான ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடிய இருந்தது. அதைப் புதுப்பிப்பதில் இழுபறி. 2025 ஜூலையில் அடுத்த பருவத்தையே நிறுத்தி வைப்பதாக அறிவித்தார்கள். வழக்கமாக செப்டம்பரில் தொடங்கும் லீக் அந்த செப்டம்பரில் தொடங்கவில்லை. சம்பளத்தை நிறுத்திய கிளப்பும் உண்டு. இரண்டாயிரத்தை ஒட்டிய ஆண்டுகளில் பீர்மேட்டுத் தோட்டங்கள் மூடப்பட்டதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்: மேலே இரண்டு தரப்பு பேசிக்கொண்டிருக்கும், கீழே உலை கொதிக்காது. ஆட்டக்காரரும் தொழிலாளிதான். ஒப்பந்தம் முடியும் நாள் பல ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்த ஒன்று. கடைசி மாதங்கள் வரை அதைத் தள்ளிப்போட்டதற்குச் சம்மேளனம் எந்தச் சமாதானமும் சொல்ல முடியாது.

மலையில் கால்பந்து நேற்று வந்ததல்ல. வெள்ளைக்காரக் கம்பெனிக் காலத்திலேயே தொடங்கிய பின்லே கோப்பைக்காக மூணாற்றில் எஸ்டேட் அணிகள் ஒன்றோடொன்று மோதுகின்றன. கொழுந்து கிள்ளிவிட்டு வந்த தாய்மார்கள் மைதான ஓரத்தில் நின்று பார்ப்பார்கள். இவர்களுக்குப் பெரிய ஆட்டத்தை நேரில் பார்க்கும் வாய்ப்பு அரிது. இரவு ஏழரைக்குத் தொடங்கும் ஆட்டம் முடிய ஒன்பதரை ஆகும். அதன் பிறகு மலைக்குப் பஸ் கிடைப்பது அதிர்ஷ்டம். கொச்சியில் ஆட்டம் நடந்த நாட்களில் மெட்ரோ ரயிலை நேரம் நீட்டி ஓட்டியிருக்கிறார்கள். நகரத்து ரசிகருக்குச் செய்ததை மலை ரசிகருக்கும் செய்யலாம். கேரளத்தில் பருவத்தின் கடைசி ஆட்டங்கள் நடக்கும் இரவுகளிலாவது மூணாறு, குமுளி, பாலக்காடு ஆகிய ஊர்களுக்கு ஆட்டம் முடிந்தபின் புறப்படும்படி ஒரு பஸ் வீதம் விட மாநிலப் போக்குவரத்துக் கழகம் முன்வர வேண்டும். மறுநாள் காலை மஸ்டருக்குப் பெயர் கொடுக்க வேண்டியவர்கள் அந்தப் பஸ்ஸில் இருப்பார்கள் என்பதை நேரம் குறிப்பவர்கள் மனதில் கொள்ளட்டும்.