வாங்குவதா, செய்வதா?

"அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும்" என்பார்கள் நம் பாட்டிமார். அதன் உண்மையை அறிய விரும்புவோர் தொலைநோக்கிக்குரிய ஆடி ஒன்றைத் தம் கையால் தேய்த்துப் பார்க்கட்டும். பள்ளிக்குத் தொலைநோக்கி தேவையென்றால் கடையில் வாங்கிவிடலாமே என்று பலர் கூறுவர். வாங்குவதைவிட மாணவியரே செய்வதுதான் மேல் என்பது என் கருத்து.

செய்முறை எளியது. ஒரே அளவுள்ள தடித்த வட்டக் கண்ணாடிகள் இரண்டு வேண்டும். ஒன்றின்மேல் ஒன்றை வைத்து, நடுவே கார்போரண்டம் தூளும் தண்ணீரும் இட்டு, முன்னும் பின்னும் தேய்க்க வேண்டும். இடையிடையே கண்ணாடியைத் திருப்ப வேண்டும். மேற்கண்ணாடி குழியும், கீழ்க்கண்ணாடி குவியும். தூளை வரவர நைசாக மாற்றி, இறுதியில் கீல் பூசிய தட்டின்மேல் சீரியம் ஆக்சைடு கொண்டு மெருகேற்ற வேண்டும். இந்தச் சீரியம் நம் மணவாளக்குறிச்சிக் கடல் மணலில் கிடைக்கும் மோனசைட்டிலும் இருக்கிறது!

ஆட்டுக்கல்லும் கிரைண்டரும் கோவைக்காரர்களுக்குப் புதியவை அல்ல. மாவின் பதத்தை அம்மா விரலால் தொட்டே சொல்லிவிடுவார். ஆடியின் பதமோ விரலுக்கு எட்டாது. நல்ல ஆடியின் பரப்பில், ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரம் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு அளவுக்குக்கூடப் பிழை இருக்கலாகாது. அதைக் கண்டறிய 1858இல் பிரெஞ்சு விஞ்ஞானி ஃபூக்கோ ஒரு வழி கூறினார். ஊசித்துளை வழியே வரும் விளக்கொளியும் ஒரு பிளேடும் போதும். மேடு பள்ளங்கள் நிழலாகத் தெரியும். அவற்றைப் பார்த்துப் பார்த்துத்தான் ஆடியைப் பரவளைய வடிவுக்குக் கொண்டுவர வேண்டும். கையின் சூடு பட்டாலே கண்ணாடி சிறிது உப்பும். அது ஆறும்வரை காத்திருக்க வேண்டும். அவசரக்காரருக்கு இது ஆகாத வேலை.

இது ஆண்களின் வேலையன்றோ என்று கேட்கும் பெற்றோர் கரோலின் ஹெர்ஷலை நினைக்க வேண்டும். அண்ணன் வில்லியம் ஒருமுறை உலோக ஆடியிலிருந்து 16 மணி நேரம் கையெடுக்காமல் மெருகேற்றினார். அவர் அவ்வாறு உழைக்கும்போது உணவை வாயில் ஊட்டியவர் இந்தத் தங்கை. 1781இல் அண்ணன் யுரேனஸைக் கண்டார். தங்கையும் ஊட்டுவதோடு நின்றுவிடவில்லை. 1786இல் தம் முதல் வால்மீனைக் கண்டார். 1828இல் இராயல் வானியல் கழகத்தின் தங்கப் பதக்கம் பெற்றார்.

நம் நாட்டிலும் சான்று உண்டு. ஜவ்வாது மலையில் உள்ள காவலூரில் 1986இல் இயங்கத் தொடங்கிய 2.34 மீட்டர் தொலைநோக்கியின் ஆடி, பெங்களூர் இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தில் ஏ. பி. ஜெயராஜன் தலைமையில் தேய்த்து மெருகேற்றப்பட்டது. வைணு பாப்பு கண்ட கனவு அது. அவரோ 1982இலேயே மறைந்துவிட்டார்.

பெரிய நாடுகளும் இதில் தவறியதுண்டு. 1990இல் விண்ணுக்கு ஏகிய ஹப்பிள் தொலைநோக்கியின் ஆடி, விளிம்பில் ஒரு மயிரிழையின் ஐம்பதில் ஒரு பங்கு அளவு பிழைபட்டிருந்தது. சோதனைக் கருவியில் ஒரு வில்லை 1.3 மில்லிமீட்டர் இடம் தவறியதே காரணம். வேறு சோதனைகள் பிழையைக் காட்டியும் அவற்றைப் பொருட்படுத்தவில்லை. 1993இல் விண்வெளி வீரர்கள் சென்று சரிசெய்தனர். தன் வேலையைத் தானே ஐயுற்று மறுபடி சோதிக்கும் பழக்கத்தை எந்தக் கடையும் விற்பதில்லை.

இதனால் படிப்பு கெடும், மதிப்பெண் குறையும் என்ற அச்சம் வேண்டாம். குழியாடியின் குவியத் தொலைவு வளைவு ஆரத்தில் பாதி என்பதை மனப்பாடம் செய்தவள் தேர்வுக்குப் பின் மறக்கக்கூடும். அதைத் தானே தேய்த்து உண்டாக்கியவள் மறப்பாளா?

ஆதலால் 15 சென்டிமீட்டர் ஆடி ஒன்றை அறிவியல் மன்றம் தொடங்கட்டும். ஒன்பதாம் வகுப்பு மாணவியர் முறைவைத்துத் தேய்க்கட்டும். அடுத்த ஆண்டு வருவோர் தொடரட்டும். சரவணம்பட்டியின் விளக்கொளியில் மங்கிய விண்மீன்கள் மறையலாம். ஆனால் நிலவின் பள்ளங்களையும், வியாழனின் நான்கு நிலவுகளையும், சனியின் வளையத்தையும் எந்தத் தெருவிளக்கும் மறைக்காது. சகோதரிகளும் பெற்றோரும் இடமும் இசைவும் தந்தால் போதும். கைகள் எங்களிடம் இருக்கின்றன.