உதைத்த பிள்ளையா குற்றவாளி?



அலபாமா பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணி தோற்றால் உடனே ஒரு மாணவனைப் பிடித்துத் திட்டுவது கொடுமை. 2013 நவம்பர் 30 அன்று ஆபர்ன் பல்கலைக்கழக அணியிடம் 28-34 எனத் தோற்றபோது, கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைக்கத் தவறிய மாணவனுக்குக் கொலை மிரட்டலே வந்தது. ஆனால், கடைசி ஒரு நொடியை நடுவர்களிடம் கேட்டு வாங்கி, அனுபவம் குறைந்த இன்னொரு பையனை 57 கஜத்திலிருந்து உதைக்கச் சொன்னவர் அன்றைய பயிற்சியாளர் நிக் சேபன். எட்டாமல் விழுந்த அந்தப் பந்தைப் பிடித்த ஆபர்ன் வீரர், மைதானம் முழுக்க ஓடிப் புள்ளி எடுத்து ஆட்டத்தை முடித்துவிட்டார். சேபனுக்கு அப்போது சம்பளம் லட்சக்கணக்கான டாலர். மாணவர்களுக்கு அன்று உதவித்தொகை மட்டும்தான். கேள்வியைப் பயிற்சியாளரிடம் கேளுங்கள், பிள்ளைகளை விட்டுவிடுங்கள்.

- ஒரு வாசகர், பர்மிங்ஹாம், அலபாமா