பூனைக்கும் வேண்டாமா குடும்பக் கட்டுப்பாடு?

ஒரகடம் பக்கம் தொழிற்சாலைகள் வந்த பிறகு, எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு மாடியில் போர்ஷன் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறோம். வேலைக்கு வரும் பிள்ளைகள் ஆசைக்கு ஒரு பூனைக்குட்டி வளர்க்கிறார்கள். கான்ட்ராக்ட் முடிந்ததும் பெட்டியோடு கிளம்பி விடுகிறார்கள். பூனை மட்டும் பூட்டிய கதவுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும். மெஸ்ஸில் கொட்டும் மீன் முள்ளும் சோறும் வேறு... பெருகுவதற்குக் கேட்பானேன்!

ஐந்து மாதத்திலேயே பூனை சினைப்பட்டு விடும். இரண்டு மாதத்தில் குட்டி போடும். குட்டிகள் பால் குடிக்கும்போதே மறுபடியும் சினையாகி விடுவதும் உண்டு.

தொல்லை தாங்காமல், பூனைகளைச் சாக்கில் கட்டி ஏரிக்கரையில் விட்டு வர ஏற்பாடு செய்தார்கள். நானும் அதற்குச் சரி என்று தலையாட்டியவள்தான். அதில் ஒன்று குட்டி போட்ட தாய் என்று யாருக்கும் தெரியவில்லை. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் குட்டிகள் மூன்று நாள் கத்தின. நாலாம் நாள் சத்தமில்லை. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

இவ்வளவு பாவம் செய்தும் பலனில்லை. சாப்பாடு கிடைக்கும் இடம் காலியானால் வேறு பூனை வந்து விடுகிறது. மாடியில் குடியிருக்கும், நைட் ஷிப்ட் போகும் பெண்தான் சொன்னாள், "ஆன்ட்டி, பிடிச்சு ஆபரேஷன் பண்ணி, அதே இடத்துல விட்டுடணும்" என்று.

அவளும் நானும் பக்கத்து வீட்டு அக்காவும் சேர்ந்தோம். கருவாடு வைத்துக் கூண்டில் பிடிப்போம். மேலே பழைய புடவையைப் போர்த்தினால் பூனை அடங்கி விடும். ஆட்டோவில் கால்நடை டாக்டரிடம் கொண்டு போவோம். மயக்கத்தில் இருக்கும்போதே வெறிநோய்த் தடுப்பூசியும் போட்டு, அடையாளத்துக்கு இடது காது நுனியைக் கொஞ்சம் வெட்டி விடுவார். வீட்டுக்கு ஐம்பது ரூபாய் வசூலித்து, ஒரு வருஷத்தில் ஏழு பூனைக்குச் செய்து விட்டோம். ராத்திரி அலறலும் சண்டையும் குறைந்திருக்கிறது.

"வாயில்லா ஜீவனை இப்படிப் பண்றது பாவமில்லையாம்மா?" என்று ஒரு பெரியம்மா கேட்டார். "ரெண்டு போதும்னு நாம பண்ணிக்கலையா, பெரியம்மா?" என்றேன். சிரித்து விட்டார். மறுவாரமே தன் வீட்டுக் கிடாப் பூனையை அவரே மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்தார்!

சென்னை ப்ளூ கிராஸ் 1964லேயே தெரு நாய்களுக்கு இப்படிச் செய்யத் தொடங்கியது. 1996ல் மாநகராட்சியும் அதை எடுத்துக் கொண்டது. 2001ல் வந்த மத்திய அரசு விதியும் 2023 வரை பெயரிலேயே நாய்களுக்கானதாக இருந்தது. பூனைக்கு நாம்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. வல்லம் வடகாலில் 2024ல் 18,720 பெண்கள் தங்க விடுதி திறந்தார்கள். இத்தனை பேர் கூடும் பகுதியில், மாதம் ஒரு நாள் பூனைகளுக்கும் கருத்தடை முகாம் நடத்தினால் என்ன?

தினமும் தெருப் பூனைக்குப் பால் ஊற்றும் சகோதரிகளே, அதோடு நிறுத்தினால், அடுத்த ஈடு குட்டிகள் ட்ரெய்லர் லாரிக்கு அடியில்தான் போகும். பால் காசை நாலு மாதம் சேர்த்து ஒரு ஆபரேஷனுக்குக் கொடுங்கள். வீடு வாடகைக்கு விடுபவர்களும் கேளுங்கள். வளர்த்த பிராணியைப் பட்டினி கிடக்க விட்டுப் போவது 1960ம் வருடச் சட்டப்படி குற்றம். நான் இப்போதெல்லாம் அட்வான்ஸ் வாங்கும்போதே சொல்லி விடுகிறேன், "காலி பண்ணும்போது பூனையையும் கூட்டிக்கிட்டுத்தான் போகணும்" என்று.

- ஒரு வாசகி, ஒரகடம்.