பொற்காலமாம் பொற்காலம்!

மலர்க் குழுத் தம்பிகள் இரண்டு பேர் போன மாதம் ஒர்க்ஷாப் வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "அண்ணே, ஈவ்னிங் செக்ஷன்ல நீங்கதான் சீனியர். உங்க பள்ளிக்கூட நாட்களைப் பத்தி ஒண்ணு எழுதிக் குடுங்க. அந்தக் காலப் பள்ளிக்கூடம், இந்தக் காலப் பள்ளிக்கூடம்னு..." என்று இழுத்தார்கள். 'சீனியர்' என்று மரியாதையாகச் சொன்னாலும் 'வயசானவர்' என்பதுதான் அதற்கு அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா என்ன! நாற்பதைத் தாண்டியவன் நான். பகலெல்லாம் பட்டறையில் லேத் ஓட்டிவிட்டு, சாயங்காலம் கையில் ஆயில் வாடையோடு வகுப்பில் வந்து உட்காரும் பகுதி நேர டிப்ளமோ மாணவன். கணிதத்தில் ஒரு அரியர் வேறு பாக்கி இருக்கிறது.

சரி என்று பேனாவை எடுத்தேன். எல்லோருக்கும் வருவதுதான் எனக்கும் வந்தது. மஞ்சப்பை, சிலேட்டு, அதை அழிக்கக் கோவை இலை, பேனாவில் மை தீர்ந்தால் பக்கத்துப் பையனிடம் இரண்டு சொட்டுக் கடன். எங்கள் ஊர் சாத்தூர்ப் பக்கம். கரிசல் பூமி. மழை பெய்துவிட்டால் வழியெல்லாம் மண் காலில் அப்பி அப்பி, செருப்பில்லாதவனுக்கும் இரண்டு கிலோ செருப்பு முளைத்துவிடும். அதை வகுப்பு வாசல் படியில் தேய்த்துத் தேய்த்துப் படிக்கே உயரம் கூடியிருக்கும். நாலரை மணிக்குப் பெல் அடித்தால் எங்களுக்கு ராஜா நாங்கள்தான். இருட்டும் வரை கபடி, கிட்டிப்புள். "டியூஷன்" என்ற சொல்லை நான் முதன்முதலில் கேட்டது ஒன்பதாம் வகுப்பில்தான்.

இப்படியே ஒரு பக்கம் எழுதினேன். பிறகு நிறுத்திவிட்டேன். நண்பர்களே, அதற்கு ஒரு காரணம் உண்டு. அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

2025 மே மாதம் எங்கள் பத்தாம் வகுப்பு செட் ஒன்று கூடினோம். 2000-ல் பரீட்சை எழுதியவர்கள், இருபத்தைந்து வருஷம் ஆகிவிட்டதே என்று. தலைக்கு 1500 ரூபாய் வசூல், எல்லோருக்கும் ஒரே நிறத்தில் டீ-ஷர்ட், பிரியாணி, மேடையில் ஃபிளெக்ஸ். வாட்ஸ்அப் குழு இருந்தால் இதெல்லாம் தானாக நடந்துவிடுகிறது. 24 பேர் வந்திருந்தோம். அதில் பெண்கள் 5 பேர்.

மைக் கிடைத்ததும் ஒவ்வொருவரும் ஆரம்பித்தார்கள். "இப்ப உள்ள பிள்ளைகளுக்கு என்ன தெரியும்? வாத்தியார்மேல பயமே இல்ல. நம்ம சார் புளியங்குச்சியால குடுத்தது இன்னும் முதுகுல இருக்கு, அதனாலதான் இன்னைக்கு நல்லா இருக்கோம்." கைதட்டல். "எங்கப்பா சார்கிட்ட வந்து, கண்ணு ரெண்டையும் விட்டுட்டுத் தோலை உரிச்சிருங்கன்னு சொல்லிட்டுப் போனாரு. இன்னைக்கு எந்த அப்பன் சொல்லுவான்?" அதற்கும் கைதட்டல். நானும்தான் தட்டினேன், பொய் சொல்வானேன்.

அந்தச் சாரும் வந்திருந்தார். எழுபதைத் தாண்டிவிட்டது. பொன்னாடை போர்த்தினோம். பிறகு ஒருத்தன், "சார், நீங்க ஒரு தடவை அட்டெண்டன்ஸ் எடுக்கணும் சார்" என்று கேட்டான். எங்களுக்கு அஞ்சாம் வகுப்பு எடுத்தவர் அவர். ஒன்று முதல் பத்து வரை ஒரே வளாகம். சார் கண்ணை மூடிக்கொண்டு, முப்பது வருஷத்துக்கு முந்தைய பதிவேட்டை மனதில் புரட்டி, பெயர் பெயராகக் கூப்பிட ஆரம்பித்தார். "உள்ளேன் ஐயா", "உள்ளேன் ஐயா" என்று சிரிப்பும் கும்மாளமுமாகப் பதில் போய்க்கொண்டிருந்தது. எட்டாவதோ ஒன்பதாவதோ பெயர். பதில் இல்லை. சார் மறுபடியும் கூப்பிட்டார். பின்னாலிருந்து ஒருத்தன், "ஆப்சென்ட் சார்!" என்றான். எல்லோரும் சிரித்தோம்.

சார் சிரிக்கவில்லை. "ஏன் வரலை அவன்? சொல்லலையா?" என்றார்.

"அவன் நம்ம பேட்ச் இல்ல சார். அஞ்சாவதோட நின்னுட்டான்ல."

அதற்கு மேல் சார் அட்டெண்டன்ஸ் எடுக்கவில்லை. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

அவன் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் கோபித்துக்கொள்வான். 1994-95-ல் தரையில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன். எங்கள் பக்கம் அன்றைக்குத் தீப்பெட்டி ஆபீஸ் இல்லாத ஊர் கிடையாது. (எங்கள் ஊரில் ஆபீஸ் என்றாலே தீப்பெட்டி ஆபீஸ்தான், நாற்காலி மேஜை போட்ட ஆபீஸ் அல்ல.) விடிவதற்கு முன்பே ஆபீஸ் பஸ் ஊர் ஊராக வந்து பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகும். போகாத பிள்ளைகள் ராத்திரி வீட்டில் அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் பெட்டி ஒட்டுவார்கள். இவன் வீட்டில் ஒட்டிக்கொண்டிருந்தவன். பதினொரு மணி வரை ஒட்டிவிட்டு மறுநாள் வகுப்பில் தூங்கிவிழுவான். அரைப் பரீட்சைக்கு முந்தின வாரம் ஒரு நாள் அப்படித் தூங்கியவனைச் சார் எழுப்பி நிறுத்தி, எல்லோர் முன்னாலும் விளாசிவிட்டார். அன்று பேசப்பட்ட அதே புளியங்குச்சிதான். இன்டர்வெல்லில் வெளியே போனவன் திரும்பி வரவில்லை. மறுநாள் காலையில் ஆபீஸ் பஸ்ஸில் ஏறிவிட்டான். அவன் பை ஒரு வாரம் வகுப்பிலேயே கிடந்தது.

இதே சார்தான் அதற்குப் பிறகு விடியற்காலையில் பஸ் நிற்கும் இடத்தில் போய் நிற்க ஆரம்பித்தார் என்பதையும் சொல்லியாக வேண்டும். துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு நிற்பார். பிள்ளைகளைக் கையைப் பிடித்து இறக்குவார். மூன்றாம் நாளே தாய்மார்கள் கூடிவிட்டார்கள். "வாரக் கூலியை நீங்க குடுப்பீங்களா சார்?" என்று ஒரு அம்மா கேட்டதை நானே கேட்டேன். சாரிடம் பதில் இல்லை. சிவகாசிப் பக்கத்துக் குழந்தைத் தொழிலாளர் வழக்கில், வேலைக்கு வைத்த முதலாளி ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது 1996 டிசம்பரில். என் நண்பன் அதற்குள் இரண்டு வருஷ சர்வீஸ் போட்டுவிட்டான்.

ஒன்றாம் வகுப்பில் நாங்கள் 54 பேர். பத்தாவது எழுதியது 31. முதல் தடவையே பாஸானது 18. நான் அந்தப் பதினெட்டில் இல்லை, கணக்கு கவிழ்த்துவிட்டது. இரண்டாம் தடவை எழுதித்தான் தேறினேன். மீதி 23 பேர் எங்கே? பெண் பிள்ளைகள் பலர் வயசுக்கு வந்த கையோடு நிறுத்தப்பட்டார்கள். பையன்கள் ஆபீஸ், ஆட்டுக் கிடை, மதுரை ஹோட்டல் என்று போனார்கள். பள்ளிக்கூட நாட்களைப் பொற்காலம் என்று மைக்கில் பேசுபவர்கள் யார் என்று பாருங்கள், தம்பிகளே. கடைசி வரை உள்ளே இருந்தவர்கள்தான். பாதியில் வெளியே போனவர்களிடம் யாரும் மைக் கொடுத்ததில்லை. நாம் 'நினைவு' என்று சொல்வதெல்லாம் மிச்சம் நின்றவர்களின் நினைவு.

நினைத்துப் பார்த்தால் நாங்கள் சிரிப்பாகச் சொல்லும் கதைகள்கூட அப்படித்தான். பிரேயரில் மயக்கம் போட்டு விழுகிறவன் ஒருத்தன் எங்கள் வகுப்பில் உண்டு. "இன்னைக்கு எத்தனாவது பாட்டுல விழுவான்?" என்று பந்தயம் கட்டுவோம். குழுவில் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிக்கிற பொம்மை போடுகிறார்கள். காலையில் வீட்டில் ஒன்றும் சாப்பிடாமல் வந்தவன் அவன். மத்தியானச் சோறுதான் அவனுக்கு முதல் சோறு. காமராஜர் 1956-ல் தொடங்கி, 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவாகப் பெரிதாக்கிய அந்தச் சோறு இல்லையென்றால் அவன் பள்ளிக்கூடத்துக்கே வந்திருக்க மாட்டான். ஆனால் காலைப் பசிக்கு அன்று வழியில்லை. அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவு வந்தது 2022 செப்டம்பரில். 2023-ல் அது எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் போனது. என் மகள் நாலாவது படிக்கிறாள். என் மனைவிக்கு மில்லில் காலை ஷிப்ட் வரும் வாரங்களில், மகள் பள்ளிக்கூடத்தில் பொங்கலோ கிச்சடியோ சாப்பிட்டுவிடுகிறாள் என்பது எங்கள் வீட்டில் எவ்வளவு பெரிய நிம்மதி தெரியுமா? "உப்புமா நல்லாவே இல்லப்பா" என்று அவள் குறை சொல்கிறாள். சொல்லட்டும். உப்புமாவைக் குறை சொல்லும் அளவுக்கு வயிறு நிறைந்த பிள்ளை.

இன்னொன்று, கூரை. எங்கள் நாலாம் வகுப்பு ஓலைக் கொட்டகையில் நடந்தது. "அந்தக் கூரை நிழல்ல இருந்த குளிர்ச்சி இப்ப ஏசிலகூட இல்ல" என்று குழுவில் ஒருவர் எழுதினார். குளிர்ச்சிதான், மறுக்கவில்லை. ஆனால் 2004 ஜூலை 16-ஆம் தேதி கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் கூரையில் தீப்பிடித்து 94 குழந்தைகள் போனார்கள். அன்று நான் பட்டறையில் ஹெல்ப்பர். ரேடியோவில் கேட்டதும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது எங்கள் கொட்டகைக்கு இருந்த ஒரே வாசலும், அதை அடைத்து நிறுத்தியிருக்கும் சார்களின் சைக்கிள்களும்தான். அதற்குப் பிறகுதான் பள்ளிகளில் ஓலைக் கூரைகள் இறங்கின. எங்களுக்கு ஒன்றும் ஆகாமல் போனது அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்தைப் போய்ப் பொற்காலம் என்று சொல்வதா?

"அப்போ இன்னைக்கு எல்லாம் ஒழுங்கா இருக்கா?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. இல்லை. எட்டாவது வரை பெயிலாக்கக் கூடாது, அடிக்கக் கூடாது என்று 2009-ன் கட்டாயக் கல்விச் சட்டம் சொன்னது. நல்ல சட்டம். ஆனால் பெயிலாக்காமல் அனுப்பப்பட்ட பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்கவும் வேண்டும் அல்லவா? நம் ஒர்க்ஷாப்பிலேயே பார்க்கிறேன். வெர்னியர் காலிப்பரில் அளவு படிக்கத் தசமப் புள்ளி தடுக்கும் தம்பிகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் வெர்னியர் சொல்லித் தருகிறேன், அவர்கள் எனக்கு இன்டக்ரேஷன் சொல்லித் தருகிறார்கள். (யாருக்கு அதிகப் பொறுமை என்று கேட்காதீர்கள்.) இருந்தாலும் அந்தத் தம்பி இங்கே இருக்கிறான். என் காலமாக இருந்திருந்தால் ஏழாவதிலேயே ஆட்டுக் கிடைக்குப் போயிருப்பான். 2022-ல் வந்த புதுமைப் பெண், 2024-ல் வந்த தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் ஆயிரம் ரூபாய் வாங்கிப் படித்தவர்கள் நமக்குள்ளேயே இருக்கிறார்கள். என் வகுப்புப் பெண்களுக்கு அப்படி ஒரு ஆயிரம் கிடைத்திருந்தால், போட்டோவில் ஐந்து பேர் மட்டும் நின்றிருக்க மாட்டார்கள்.

அந்தக் காலத்திலிருந்து எனக்கு உண்மையிலேயே திரும்ப வேண்டும் என்று தோன்றுவது இரண்டே விஷயம். ஒன்று அந்த நாலரை மணி. என் மகளுக்கு நாலரைக்கு மேல் ஹிந்தி கிளாஸ், அபாகஸ். வேண்டாம் என்று சொல்ல எனக்கே தைரியம் வரவில்லை. இன்னொன்று துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு பஸ் முன்னால் நின்ற சார். அவர் எங்கள் தெருவில் குடியிருந்தார். எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று அவருக்குத் தெரியும். இன்றைய டீச்சர் நாற்பது கிலோமீட்டர் பஸ்ஸில் வந்து, வந்ததும் செல்போனில் ஆப்பைத் திறந்து வருகைப் பதிவிலிருந்து எத்தனையோ விவரம் ஏற்ற வேண்டியிருக்கிறது. அது அவர்கள் குற்றமில்லை. பிள்ளை வரவில்லை என்பது கம்ப்யூட்டருக்கு உடனே தெரிந்துவிடுகிறது. ஏன் வரவில்லை என்று கேட்க ஒரு ஆள் வாசலுக்கு வர வேண்டும். அதே சாரின் கையில்தான் புளியங்குச்சியும் இருந்தது. குச்சியை மட்டும் கழித்துவிட்டு மனுஷனை வைத்துக்கொள்ள முடியாதா என்பதுதான் என் கேள்வி.

கூட்டம் முடிந்து ஒரு வாரம் கழித்து நான் அவனைத் தேடிப் போனேன். நாலுவழிச் சாலை ஓரத்தில் பஞ்சர் கடை வைத்திருக்கிறான். வண்டிக்குக் காற்று அடிக்க வந்தவன்போலப் போய் நின்றேன். தலையை நிமிர்த்திப் பார்த்தவன், "வாடா, ஆப்சென்ட் போட்டுட்டீங்களாமே?" என்றான். எவனோ வீடியோவை அனுப்பியிருக்கிறான். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அவனே டீ சொன்னான்.

"சார் ரெண்டு தடவை கூப்பிட்டாருடா, நீ பாத்தியா?" என்றான்.

அடுத்த வருஷம் கூடும்போது பத்தாம் வகுப்பு லிஸ்ட் வேண்டாம், ஒன்றாம் வகுப்புச் சேர்க்கைப் பதிவேட்டை வைத்துக் கூப்பிடலாம், வசூலும் வேண்டாம் என்று நான் குழுவில் எழுதியிருந்தேன். "அதெல்லாம் சரிப்படாது" என்று இரண்டு பேர் குழுவிலிருந்தே விலகிவிட்டார்கள். இதை அவனிடம் சொன்னேன். பதிவேட்டைப் பார்க்கப் பள்ளிக்கூடத்தில் அனுமதி கேட்டிருப்பதையும், அந்த 23 பேரில் பாதிக்கு மேல் எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியவில்லை என்பதையும் சொன்னேன்.

கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், கடைக் கணக்கு எழுதும் நோட்டைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தான். "எழுதிக்கோ. ஆபீஸ் பஸ்ல என்கூட வந்ததுக பேரு பூரா எனக்குத் தெரியும்" என்றான்.

பதினோரு பெயர் சொன்னான்.