காசுண்டு, வாய்மை உண்டா?



பழங்காசு வெறும் மாழைத் துண்டன்று. அரசன் பெயரையும் அவன் காலத்து எழுத்தையும் இலச்சினையையும் ஒருங்கே தாங்கிய ஆவணம் அஃது. ஓலையைச் செல் அரிக்கும். கல்வெட்டைக் கயவன் உடைப்பான். காசோ ஈராயிரம் ஆண்டு மண்ணுள் கிடந்தும் வாய்திறந்து பேசும். அத்தகு காசு இன்று எவர் கையில் உள்ளது? முகநூலிலும் புலனத்திலும் இணையக் கடைகளிலும், முகமும் முகவரியும் காட்டாது, ‘சங்கக் காசு’, ‘சோழன் காசு’ எனக் கூவி விற்பார் கையில் உள்ளது! அக்கூவலில் மயங்கிப் பொருளிழப்பாருள் தமிழ்ப்பற்றுடைய நம்மவரும் பலர் என்பதே நெஞ்சைச் சுடுகின்றது.

தூண்டிலில் புழுவைக் கோப்பது மீனுக்கு இரங்கியா? இவ்வணிகர் நம் மொழிப்பற்றையே புழுவாகக் கோக்கின்றனர். ‘தமிழன் பெருமையை உங்கள் வீட்டில் வையுங்கள்’ என்பான் ஒருவன். பெருமை பேசுவோனிடம் எடையைக் கேளுங்கள், வாயடைத்து நிற்பான். பற்று வேறு, ஆராய்ச்சி வேறு. விற்பவன் நம் பற்றைப் புகழ்கின்ற நொடியிலேயே நம் ஐயம் விழித்துக்கொள்ள வேண்டும்.

1818 என ஆண்டு பொறித்து, இராமன், அனுமன் முதலிய உருவங்களைத் தாங்கிய ‘கிழக்கிந்தியக் கும்பினிக் காசுகள்’ சில இலக்கக் கணக்கில் விலை பேசப்படுகின்றன. கும்பினி அத்தகைய காசை வெளியிட்டதே இல்லை! அரிசியை ஈர்க்கும் ஆற்றல் உடையதென்று கதை வேறு கட்டுகின்றனர். எந்தக் காசும் அரிசியை ஈர்க்காது. ஏமாளியின் பணத்தையே ஈர்க்கும். பழங்காசு, பழந்தாள் விற்பனைக்கெனத் தன் பெயரைச் சொல்லிக் கட்டணமும் தரகும் வரியும் கேட்போரை நம்பற்க என இந்திய ரிசர்வு வங்கியே 2021 ஆகத்தில் எச்சரித்தது. முன்பணம் கேட்பவன் வணிகனல்லன், வழிப்பறிப்பவன்.

போலிக்காசு இணையம் பெற்ற பிள்ளையன்று. செருமானியனாகிய பெக்கர் என்பான் (1772–1830) தன் கையாலேயே அச்சு வெட்டிக் கிரேக்க, உரோமைக் காசுகளை அடித்தான்; அவற்றை இரும்புத் தூளோடு பெட்டியிலிட்டு வண்டியின் அச்சில் கட்டி ஓட்டிப் பழமைத் தோற்றம் ஏற்றினான். அன்று ஒருவன் வண்டியில் செய்ததை இன்று பலர் பட்டறையில் செய்கின்றனர். வேறுபாடு அவ்வளவே.

அங்ஙனமாயின் வணிகனை எவ்வாறு அளப்பது? காசை அளக்க அவன் இடந்தருகின்றானா என்று பாருங்கள். எடை, குறுக்களவு, இரு பக்கப் படம், விளிம்புப் படம் ஆகியவற்றைக் கேளுங்கள். அகத்தசு காலத்து உரோமைப் பொற்காசு ஏறத்தாழ 7.8 கிராம் இருக்கும். தூய பொன்னின் ஒப்படர்த்தி 19.3, வெள்ளியது 10.5. நீரில் தொங்கவிட்டு எடை பார்க்கும் பள்ளிப்பாடமே பொய் மாழையைக் காட்டிக் கொடுத்துவிடும். என் பழைய மாணவர் ஒருவர், இணைய வணிகன் ஒருவன் விற்ற இரு காசுகளின் படங்களைக் காட்டினார். இரண்டிலும் விளிம்பில் ஒரே இடத்தில் ஒரே வெடிப்பு! ஓர் அச்சில் அடித்த காசுகளில் உருவம் ஒத்திருக்கலாம். வெடிப்பும் தேய்வும் ஒத்திரா. ஒத்திருந்தால் அவை ஒரே கருவினின்று வார்த்தவை.

இராசராசன் பெயர் பொறித்த செப்புக்காசுகள் ஏராளமாகக் கிடைப்பவை. அவற்றுள் ஒன்றை ‘உலகில் ஒன்றே ஒன்று’ என்பவன் பொய்யன். அவற்றில் அவன் பெயர் நாகரி எழுத்தில் உள்ளது. அது நமக்கு இனிக்காமல் இருக்கலாம்; எனினும் உண்மை உண்மையே. நமக்கு இனிக்கட்டுமென்று எழுத்தை மாற்றி வார்த்துத் தருபவன் நம் நண்பனல்லன், வரலாற்றின் பகைவன்.

காசு மெய்யாயிருப்பது மட்டும் போதுமா? போதாது. சீசரைக் கொன்ற புரூட்டசு, இரு குத்துவாள் பொறித்து வெளியிட்ட பொற்காசு ஒன்று 2020 அத்தோபரில் இலண்டனில் ஏறத்தாழ 32 இலக்கம் பவுண்டுக்கு ஏலம் போயிற்று. காசு மெய், அது வந்த வழிபற்றிக் காட்டிய சான்றோ பொய்! ஏல நிறுவனத்தின் உரிமையாளர் 2023 சனவரியில் நியூயார்க்கில் தளையிடப்பட்டார். பின்னர்க் குற்றத்தை ஒப்புக்கொண்டார். காசு அவ்வாண்டே கிரேக்க நாட்டிற்கு மீண்டது. பளபளக்கும் பட்டியலும் பெரும்பெயரும் வாய்மைக்குச் சான்றல்ல என்பதற்கு இதனினும் வேறு எடுத்துக்காட்டு வேண்டுமோ?

ஆகவே, ‘எங்கிருந்து வந்தது?’ என்பதே தலையாய வினா. 1878ஆம் ஆண்டுப் புதையற் சட்டப்படி, பத்து உரூபாவிற்கு மேற்பட்ட புதையலைக் கண்டவர் மாவட்ட ஆட்சியர்க்கு அறிவித்தல் வேண்டும். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருட் சட்டப்படி, நூறாண்டு கடந்த காசு தொல்பொருள். அதனை வணிகமாக விற்க உரிமம் வேண்டும். தனியார் அயல்நாட்டிற்கு விடுத்தல் குற்றம். ‘எந்நாட்டிற்கும் விடுப்போம்’ என விளம்பும் உள்நாட்டு வணிகன் தன் குற்றத்தைத் தானே விளம்புகின்றான்.

‘நாங்கள் வாங்காவிடில் உருக்கிவிடுவார்களே!’ என்பர். கரூர் அமராவதி ஆற்றுமணலில் கிடைத்த மாக்கோதை, கொல்லிப்பொறை காசுகளைத் திரட்டுவோர் காத்தது உண்மை. ஆனால், அவற்றிற்கு மதிப்பளித்தது வாங்கியமை மட்டுமன்று, இரா. கிருட்டிணமூர்த்தி போன்றோர் படித்து, அளந்து, படத்துடன் அச்சிட்டு, எவரும் மறுத்துரைக்க இடந்தந்தமையே. பெருவழுதிக் காசும் அவ்வாறே உலகறிந்தது. பேழையில் பூட்டிய காசு ஊமை. 1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த 501 உரோமைப் பொற்காசுகள் ஒருங்கே பதிவானதால்தான் அவற்றுட் பெரும்பாலானவற்றில் உளிவெட்டு உண்டெனவும், அவ்வெட்டு வேண்டுமென்றே இடப்பட்டதெனவும் அறிகின்றோம். அவை ஒவ்வொன்றாக விற்றுச் சிதறியிருந்தால் வெட்டுண்டவை பழுதெனத் தள்ளப்பட்டிருக்கும். வரலாறும் உடன் தள்ளப்பட்டிருக்கும்!

தமிழின் தொன்மையை மறுப்போர் ஒரு போலிக்காசு கிடைத்தால் போதும் எனக் காத்திருக்கின்றனர். நம் பேழையில் அஃது அகப்பட்டால், அருகிலுள்ள மெய்க்காசும் ஐயத்திற்கு உள்ளாகும். எனவே, எடை சொல்லாதவனிடம், வந்த வழி சொல்லாதவனிடம், உரிமம் காட்டாதவனிடம், போலியெனின் திருப்பிக்கொள்வேன் என எழுதித் தராதவனிடம் ஒரு செப்புக்காசும் வாங்கற்க! நிலத்தில் காசு கிடைத்தால் ஆட்சியர் அலுவலகத்திற்குச் செல்க, இணையக் கடைக்கன்று. காசுக்கு நாணயம் என்றும் பெயருண்டு. நேர்மைக்கும் அதுவே பெயர். பின்னதில்லாதவனிடம் முன்னது எதற்கு?