தொட்டியிற் பிறக்கும் கன்றும் பாதுகாப்பு என்னும் போர்வையும்

சிறைப்பட்ட விலங்கொன்று கருவுற்றுக் கன்றீனுமாயின், அது நலமுடன் வாழ்கின்றது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை எனவும், அக்கன்று அவ்வினத்தின் பாதுகாப்புக்கு ஆற்றப்பட்ட தொண்டு எனவும் கூறுவது, டொல்பின்களைக் காட்சிப்பொருளாக்கிப் பொருளீட்டும் நிறுவனங்களின் வழக்கம். 1947ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் புளோரிடாவிலுள்ள மரீன் ஸ்ரூடியோஸ் காட்சியகத்தில் ஸ்பிரே என்னும் கன்று பிறந்தது முதலாகத் தொட்டிகளிற் பிறந்த கன்றுகள் பல. ஆயின், அவற்றின் எண்ணிக்கை மேற்கூறிய இரு கூற்றுக்களுள் ஒன்றினையேனும் மெய்ப்பிக்கவில்லை.

முதலாவது கூற்றை உடற்றொழிலியலே மறுக்கின்றது. போத்தல்மூக்கு டொல்பினின் பெண், புணர்ச்சியின் தூண்டலின்றித் தானாகவே சூலை வெளியேற்றும் இயல்பினது. சூலகத்தில் புடைப்பு வளர ஈத்திரசன் உயர்கின்றது; தொடர்ந்து கபச்சுரப்பியிலிருந்து லூட்டினாக்கும் ஓமோன் பெருக்கெடுக்கின்றது; ஏறத்தாழ ஒரு நாளிற் சூல் வெளியேறுகின்றது; பின்னர் மஞ்சட்சடலம் புரொஜெத்தரோனைச் சுரக்கின்றது. இவ்வொழுங்கிலிருந்து அறியத்தக்கது சுரப்பிகள் தொழிற்படுகின்றன என்பது மட்டுமே. கருவின்றியே புரொஜெத்தரோன் நீண்டகாலம் உயர்ந்து நிற்கும் பொய்க்கருப்பமும் சிறைப்பட்ட டொல்பின்களிற் காணப்படுகின்றது. கருப்பத்துக்கே தனித்துச் சான்றாகாத ஓமோனை மகிழ்ச்சிக்குச் சான்றாக்குவது எவ்வகை விஞ்ஞானம்? கூட்டிலடைத்த கோழியும் முட்டையிடுகின்றது. 2010ஆம் ஆண்டில் மெக்சிக்கோ வளைகுடாவின் டீப்வாட்டர் ஹொரைசன் எண்ணெய் அகழ்வு மேடை வெடித்தபின், எண்ணெய் படிந்த பரட்டாரியாக் குடாவிலும் டொல்பின்கள் கருவுற்றன. 2011இற் பரிசோதிக்கப்பட்ட கருவுற்ற பெண்கள் 10இல் 2 மட்டுமே பிழைக்கத்தக்க கன்றுகளை ஈன்றன. கருவுறுதலே நலவாழ்வின் அளவுகோலாயின், அந்நச்சு நீரையும் நல்லிடம் என்றல்லவா கொள்ளவேண்டும்!

மேலும், தொட்டிகளில் நிகழ்வது பெரும்பாலும் இயற்கையின் செயலே எனவுங் கூறுதற்கில்லை. சிறுநீரை வேண்டியபோது தருமாறு டொல்பின் பழக்கப்படுகின்றது. அதில் ஓமோன்கள் அளக்கப்படுகின்றன. பன்றிகளிலும் குதிரைகளிலும் வேட்கைக் காலத்தை ஒழுங்குபடுத்தப் பயன்படும் அல்ட்ரெனோஜெஸ்ற் என்னும் செயற்கை ஓமோன் உணவுடன் கொடுக்கப்படுகின்றது. அதனை நிறுத்துவதன் மூலம் சூல் வெளியேறுங் காலம் மனிதனின் நாட்காட்டிக்கு இசைவிக்கப்படுகின்றது. பின்னர் உறைய வைத்த விந்தைக் கொண்டு செயற்கைமுறைச் சினைப்படுத்தல் நிகழ்கின்றது. விந்தணுக்களைப் பால்வாரியாகப் பிரித்துப் பெண்கன்றினைப் பெறும் முறையும் 2005ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவிற் கைகூடிற்று. ஆண்கள் பலவற்றை ஒரே தொட்டியில் வைத்திருத்தல் கடினம் என்பதே பெண்கன்று விரும்பப்படுவதற்கான காரணம். இது மந்தை முகாமைத்துவம். இதனை இனப்பாதுகாப்பு எனப் பெயரிடுதல் சொல்லுக்கு இழைக்கும் அநீதி.

இரண்டாவது கூற்றும் நில்லாது. போத்தல்மூக்கு டொல்பின் உலகளவில் அழிவின் விளிம்பில் நிற்கும் இனமன்று. அழிவை எதிர்நோக்கிய இனங்களின் கதையோ வேறு. யாங்சி ஆற்றின் பைஜி இனத்துச் சீ சீ என்னும் ஆண் 1980 முதல் 2002 வரை வூகான் நகரிலே தொட்டியில் வாழ்ந்து, சந்ததியின்றி மாண்டது. 2006ஆம் ஆண்டு ஆற்றிற் செய்யப்பட்ட மதிப்பாய்வில் அவ்வினத்தில் ஒன்றுகூடக் காணப்படவில்லை. 2017ஆம் ஆண்டு மெக்சிக்கோவில் வக்கீற்றா இனத்தைக் காப்பிடத்துக்குக் கொணர எடுத்த முயற்சி, பிடிக்கப்பட்ட பெண் இறந்ததுடன் கைவிடப்பட்டது. காட்சியகங்கள் பல்லாண்டு திரட்டிய ஓமோன் அறிவு அவ்வினங்களைக் காக்கவில்லை. மாறாக, அதே யாங்சியின் முதுகுச்செட்டையற்ற உறவினம், 1990 முதல் தியெனசோ என்னும் ஆற்றுவளைவு ஏரியில் விடப்பட்டு, மருந்தோ கருவியோ இன்றித் தானே இனம்பெருக்கி வருகின்றது. வேண்டியது நீரும் இரையும் அமைதியுமே என்பதற்கு வேறு விளக்கம் எதற்கு?

ஓமோன் ஆய்வு முற்றாக வீண் என்பது இதன் கருத்தன்று. காட்டு டொல்பினின் தோலடிக் கொழுப்பிற் சிறு துணுக்கெடுத்துப் புரொஜெத்தரோனை அளந்து, அது கருவுற்றுள்ளதா என அறியும் முறை இன்று உண்டு. அவ்வறிவு கடலிலுள்ள உயிர்களுக்குப் பயன்படுகின்றது. ஆனால் ஓர் அறிவு பயனுடையது என்பதனால், அது பிறந்த சிறை நியாயமாகிவிடாது.

இனப்பெருக்கத்தைத் தடைசெய்தல் பெண்ணிடமிருந்து தாய்மையைப் பறிப்பதாகும் என்பது எஞ்சிய வாதம். தாய்மை என்பது ஈனுதலோடு முடிவதன்று. 1970 முதல் ஆய்வு நடைபெற்றுவரும் புளோரிடாவின் சரசோற்றாக் குடாவிலே கன்றுகள் தாயுடன் 3 முதல் 6 ஆண்டுகள் வரை வாழ்கின்றன. நிக்லோ என்னும் பெண் 48ஆம் வயதிலும் கன்றீன்றது. தாயையும் கன்றையும் காட்சியகங்களின் தேவைக்கேற்ப இடம்மாற்றும் வணிகம் தாய்மையைப் பற்றிப் பேசுதல் பொருந்தாது.

உலகம் மெல்ல இதனை உணர்ந்து வருகின்றது. டொல்பின் காட்சியகங்களுக்கு இடமளிப்பதில்லை என இந்தியா 2013இல் முடிவுசெய்தது. கனடா 2019இலும் பிரான்சு 2021இலும் சட்டமியற்றி இத்தகைய இனப்பெருக்கத்துக்கு எதிராக நின்றன. 2016ஆம் ஆண்டில் ஓர்க்காத் திமிங்கிலங்களை இனம்பெருக்குவதைக் கைவிட்ட சீவேர்ல்ட் நிறுவனமோ, போத்தல்மூக்கு டொல்பினை அம்முடிவினுட் சேர்க்கவில்லை. ஓர்க்காவுக்குப் பொருந்தும் நியாயம் அதன் சிறிய உறவினத்துக்குப் பொருந்தாமைக்குக் காரணம் உயிரியலில் இல்லை. வருமானப் பதிவேட்டிலேயே உண்டு. ஏற்கெனவே தொட்டிகளிலுள்ள உயிர்களைச் சாகும்வரை பேணுதல் அவற்றைச் சிறைசெய்தோரின் கடன். அக்கடனைப் புதிய கன்றுகளின் தலையிற் சுமத்துவதற்கு எவருக்கும் உரிமையில்லை.