அச்சம் வேறு, மதிப்பு வேறு!

“துப்பாக்கியை ஒளித்து வைப்பவனைக் கண்டுதான் ஊர் அஞ்சுகிறது. உரிமம் பெற்றவர்கள் அதைத் தோளிலே மாட்டிக்கொண்டு, பட்டப்பகலிலே, கடைத்தெருவிலே நடக்கட்டும். பார்க்கப் பார்க்கக் கண் பழகும். பழகப் பழக ஐயம் அகலும். ஐயம் அகன்ற இடத்திலே மதிப்பு முளைக்கும்!”

இப்படி ஒரு வாதம் அமெரிக்க நாட்டிலே நெடுநாளாக நடமாடி வருகிறது. இன்று அது கைப்பேசித் திரை வழியாக நம் இளைஞர்களிடமும் வந்து சேர்ந்திருக்கிறது. விக்கிரவாண்டியிலிருந்து தஞ்சை செல்லும் சாலையிலே உள்ள மீன்சுருட்டியிலே, பிள்ளைகளுக்கு வரலாறு கற்பிக்கும் எனக்கு இதிலே என்ன வேலை என்று கேட்கலாம். வேலை உண்டு, தோழர்களே! துப்பாக்கி ஏந்திய கதாநாயகனின் படத்தைத் தன் முகப்படமாக வைத்துக்கொண்டிருக்கும் மாணவனை, “ஏனப்பா இது?” என்று கேட்டால், “கெத்து, சார்!” என்கிறான். அந்த ஒரு சொல்லுக்குள்ளே பல நூற்றாண்டு நோய் பதுங்கிக் கிடக்கிறது. பிறர் நம்மைக் கண்டு நடுங்குவதையே, பிறர் நம்மை மதிப்பதாக எண்ணி மகிழும் நோய்!

முதலில், இந்த வாதம் பிறந்த நாட்டிலே அது பெற்ற பலன் என்ன என்று பார்ப்போம்.

1960களிலே, கலிபோர்னியா மாநிலத்து ஓக்லாந்து நகரில், கருஞ்சிறுத்தைக் கட்சியைச் சேர்ந்த கறுப்பின இளைஞர்கள், காவலர்களின் கொடுமையைக் கண்காணிக்கப் புறப்பட்டார்கள். கையிலே துப்பாக்கி, அதை வெளிப்படையாக ஏந்துவதற்கு அன்றைய சட்டத்திலே தடையில்லை. அவர்களுடைய குறை உண்மையான குறை. அவர்கள் பட்ட அடி உண்மையான அடி. அதை மறுப்பவன் மனிதனல்ல. ஆனால் நடந்தது என்ன? துப்பாக்கி ஏந்துவதைத் தடுக்க மசோதா வந்தது. 1967 மே 2 அன்று, அதை எதிர்த்து, சாக்ரமெண்டோ நகரத்துச் சட்டமன்றக் கட்டடத்துக்குள்ளேயே துப்பாக்கிகளோடு நுழைந்தார்கள். மறுநாள் நாடு பேசியது அவர்களுடைய குறையைப் பற்றியா? இல்லை! அவர்கள் கையிலிருந்த குழலைப் பற்றி! அவ்வாண்டு ஜூலையிலேயே மசோதா சட்டமாயிற்று. கையெழுத்திட்டவர் ஆளுநர் ரொனால்டு ரீகன். பின்னாளிலே குடியரசுத் தலைவராகி, துப்பாக்கி உரிமை பேசுவோரின் செல்லப்பிள்ளையாக விளங்கிய அதே ரீகன்!

கறுப்பின இளைஞன் ஏந்தியபோது அச்சம். வெள்ளைக்காரன் ஏந்தினால் மதிப்பு வந்திருக்கும் என்பீர்களோ? அதையும் அந்த நாடு சோதித்துப் பார்த்துவிட்டது. அதே கலிபோர்னியாவில், குண்டு நிரப்பாத கைத்துப்பாக்கியை இடுப்பிலே செருகிக்கொண்டு காப்பிக் கடைகளிலே கூடிக் கூடி உரிமை காட்டினார்கள். 2011இல் அதையும் தடுத்துச் சட்டம் வந்தது. 2013 செப்டம்பரில், ஸ்டார்பக்ஸ் காப்பிக் கடைகளின் தலைவர் ஹோவர்டு ஷூல்ட்ஸ், “எங்கள் கடைக்குத் துப்பாக்கியோடு வரவேண்டாம்” என்று வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டார். 2014இல் டெக்சாஸ் மாநிலத்திலே, நீண்ட துப்பாக்கிகளைத் தோளிலே தொங்கவிட்டுக்கொண்டு உணவு விடுதிகளுக்குள்ளே புகுந்தார்கள் சிலர். அப்போது, துப்பாக்கி உரிமைக்காகவே வாழும் தேசியத் துப்பாக்கிச் சங்கமே, “இது விபரீதமான வேலை; நம் நோக்கத்துக்கே கேடு” என்ற கருத்துப்பட அறிக்கை விட்டது. காட்டிக்கொள்வோர் சீறியதும், சொன்னதை விழுங்கிக்கொண்டது. விழுங்கினால் என்ன? உண்மை ஒருமுறை வாய் தவறி வெளியே வந்துவிட்டதே!

காட்டக் காட்ட மதிப்பு வளரும் என்றார்கள். காட்டக் காட்டத் தடை வளர்ந்தது. கடைக்காரன் கதவைச் சாத்தினான்; அவர்களுக்காகப் பேசிய சங்கமே முகம் சுளித்தது. காரணம் எளிது. தேநீர் அருந்த வந்தவனுக்குத் துப்பாக்கிக்காரனுடைய நெஞ்சம் தெரியாது. துப்பாக்கி மட்டும்தான் தெரியும். நல்லவனா, நயவஞ்சகனா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள அவனுக்கு நேரமும் இல்லை, கேட்கத் துணிவும் இல்லை. கேட்க முடியாத இடத்திலே அச்சம்தான் மிஞ்சும். அச்சம் கொண்டவன் வழிவிடுவான், வணங்கவும் செய்வான். அதைப் பார்த்து, “ஆகா, என்னே எனக்கு மரியாதை!” என்று பூரிக்கிறார் துப்பாக்கிக்காரர். பூரிக்கட்டும்! அவர் தலை மறைந்ததும் வணங்கியவர் வாயிலே வருகிற வசையை அவர் கேட்டதில்லை.

இனி, நம் நாட்டுக்கு வருவோம். “ஆயுதம் ஏந்துவது வீரனின் உரிமை, வெள்ளையன்தான் அதைப் பறித்தான்” என்று வரலாறு பேசுவோர் உண்டு. பறித்தது உண்மைதான். பாளையக்காரர் போர் முடிந்ததும், 1801 டிசம்பரிலே, தென்னாட்டுக் கோட்டைகளை இடிக்கவும் ஆயுதங்களைப் பறிக்கவும் ஆணையிட்டது கிழக்கிந்தியக் கம்பெனி. 1878இல் லிட்டன் பிரபு காலத்து ஆயுதச் சட்டம், இந்தியனுக்கு உரிமம் கட்டாயம் என்றது. வெள்ளையனுக்கு விலக்கு அளித்தது. அந்த அநீதிக்கு எதிராகத்தான், 1931 கராச்சி காங்கிரசு மாநாட்டின் தீர்மானத்திலே ஆயுதம் வைத்திருக்கும் உரிமையும் இடம் பெற்றது. ஆனால், விடுதலை பெற்ற நாடு எழுதிய சட்டம் என்ன சொல்கிறது? 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் உரிமம் தருகிறது. ஊர்வலம் வரச் சொல்லவில்லை. 2016ஆம் ஆண்டு விதிகள், பொது இடத்திலே துப்பாக்கியை உறையிலிட்டு, முழுதும் மூடித்தான் எடுத்துச் செல்லவேண்டும் என்கின்றன. திருமணம், திருவிழா, பொதுக்கூட்டம், ஊர்வலம் ஆகிய இடங்களிலே அதை ஏந்துவதும், சுழற்றுவதும், சுடுவதும் கூடாது என்கின்றன. 2019ஆம் ஆண்டுத் திருத்தம், கொண்டாட்டத்துக்காகச் சுட்டு உயிருக்கு ஊறு தேடுவோருக்கு 2 ஆண்டு வரை சிறை என்கிறது. ஒருவர் 3 துப்பாக்கி வரை வைத்திருக்கலாம் என்றிருந்ததை 2 ஆக்கியது.

இந்தத் திருத்தம் ஏன் வந்தது? வடநாட்டுத் திருமணப் பந்தல்களிலே, மணமகன் வீட்டார் தம் பெருமையைப் பறைசாற்ற வானத்தை நோக்கிச் சுட்ட குண்டு, ஆடிய பெண்ணின் மீதும், வேடிக்கை பார்த்த சிறுவன் மீதும் பாய்ந்ததால் வந்தது. பெருமையைக் காட்டப் போனார்கள், பிணத்தைத் தூக்கி வந்தார்கள், உரிமத்தைச் சுருக்கிக்கொண்டார்கள்.

“தமிழ்நாட்டிலே அந்தக் கூத்து இல்லையே!” என்று மார்தட்டிக்கொள்ள வேண்டாம். இங்கே வேறு கூத்து. 2018 பிப்ரவரியிலே, சென்னையை அடுத்த மலையம்பாக்கத்திலே, ரவுடிகள் பலர் கூடி, அரிவாளால் பிறந்தநாள் கேக் வெட்டிக் கொண்டாடினார்கள். காவல்துறை சுற்றி வளைத்துப் பிடித்தது. அந்தப் படத்தை விரும்பி விரும்பிப் பார்த்த இளைஞர் எத்தனை பேர்! துப்பாக்கி ஏந்திய காவலர் ஒருவர் பின்னே வந்தால்தான் தலைவர் என்று கருதும் பேர்வழிகள் எத்தனை பேர்! கட்சி வேறுபாடு இல்லாமல், மேடைக்கு மேடை வீரவாள் வழங்கி, அதைத் தூக்கிக் காட்டிக் கைதட்டல் பெறும் வழக்கத்தை வளர்த்தவர்கள் நாம்தானே! அறிவாயுதம் பேசுகிற மேடையிலே இரும்பாயுதத்துக்கு என்ன வேலை? ஆயுத பூசையை எள்ளி நகையாடிய நாம், ஆயுதத்தைக் காட்டி மகிழும் மனத்தையும் எள்ளி நகையாட வேண்டாமா?

இதைவிட ஆழமான கேள்வி ஒன்று உண்டு. துப்பாக்கி, யார் தோளிலே தொங்குகிறது?

நம் வட்டாரத்து முதியவர்களைக் கேளுங்கள். ஒரு காலத்திலே, நாட்டுத் துப்பாக்கியைத் தோளிலே சுமந்து, வயல் வரப்பிலே வெளிப்படையாக நடந்தவர்கள் நரிக்குறவர்கள். ஒளிக்கவில்லை, மறைக்கவில்லை. பயிருக்குக் கேடு செய்யும் நரியையும் பறவையையும் வேட்டையாடி வயிறு வளர்த்தார்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அந்தத் தொழிலுக்கு முடிவு கட்டியது. பாசிமணியும் ஊசியும் பிழைப்பாயின. வெளிப்படையாகச் சுமந்தால் மதிப்பு வரும் என்பது உண்மையானால், இந்நாட்டிலே அவர்களுக்கல்லவா முதல் மரியாதை கிடைத்திருக்க வேண்டும்? கிடைத்ததா? ஊரிலே ஒரு கோழி காணாமற்போனால் முதல் ஐயம் அவர்கள் மேல். பேருந்திலே அவர்கள் அமர்ந்தால் பக்கத்து இருக்கை காலி. பழங்குடிப் பட்டியலிலே அவர்களைச் சேர்க்கும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது 2022 டிசம்பரில்தான்!

இன்னொரு தோளைப் பாருங்கள். 1968 டிசம்பர் 25. அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணி. கூலி உயர்வு கேட்ட உழவுத் தொழிலாளர்களின் சேரியிலே, துப்பாக்கியோடும் ஆட்களோடும் புகுந்தது மிராசுதாரர் கூட்டம். துப்பாக்கி முழங்கியது, தப்பி ஓடியவர்கள் ஒரு குடிசைக்குள்ளே ஒளிந்தார்கள், குடிசைக்குத் தீ. பெண்களும் பிள்ளைகளும் முதியவர்களுமாக 44 உயிர்கள் கருகின. பிறகு உயர்நீதிமன்றம் என்ன சொல்லிற்று? குற்றம் சாட்டப்பட்டவர்கள் பெரும் நிலக்கிழார்கள், அவர்களில் ஒருவர் கார்கூட வைத்திருப்பவர், இத்தகையோர் தாமே நடந்து சென்று தீ வைத்தார்கள் என்பதை நம்புவது கடினம் என்று கருதி விடுதலை செய்தது!

எண்ணிப் பாருங்கள், தோழர்களே! ஏழை நரிக்குறவன் தோளிலே இருந்தால் துப்பாக்கி திருட்டுக் கருவி. மிராசுதாரர் தோளிலே இருந்தால் குடும்பக் கௌரவம். ஆக, மக்கள் மனத்திலே மதிப்பையும் இழிவையும் எழுதி வைத்திருப்பது துப்பாக்கி அல்ல, சாதியும் சொத்தும். அந்த எழுத்தை அழிக்காமல், துப்பாக்கியை வெளியே காட்டு என்பவன், வலியவனுக்கு மேலும் ஒரு மீசையும், எளியவனுக்கு மேலும் ஒரு வழக்கும் வாங்கித் தருகிறான்.

“குடகு நாட்டைப் பார்!” என்பார்கள். பார்ப்போம். அங்கே குடவ இனத்தாருக்கும் ஜம்மா நிலம் உடையோருக்கும் வெள்ளையர் காலத்திலிருந்தே உரிமத்திலிருந்து விலக்கு உண்டு. 2019இல் இந்திய அரசு அதை 2029 வரை நீட்டித்தது. 2021இல் கர்நாடக உயர்நீதிமன்றமும் அதை ஏற்றது. கைல்போத் விழாவிலே துப்பாக்கிக்குப் பூச்சூட்டி வணங்குகிறார்கள். தேங்காயைக் குறிவைத்துச் சுடும் போட்டி நடத்துகிறார்கள். தவறான பயன்பாடு மிகக் குறைவு என்று அவர்கள் சொல்வதை நான் மறுக்கப் போவதில்லை. ஆனால் அந்த அமைதி, காட்டியதால் வந்த அமைதியா? வீட்டுக்கு வீடு ஒருவரை ஒருவர் அறிந்த சிற்றூர் வாழ்வு தந்த அமைதி அது. அதைச் சென்னை அண்ணா சாலையிலே நட்டால் முளைக்காது. மேலும், இன்ன குலத்திலே பிறந்தவனுக்கு உரிமம் வேண்டாம், மற்றவனுக்கு வேண்டும் என்பது என்ன நீதி? பிறப்பின் பேரால் பூணூல் என்றால் எதிர்க்கும் நாம், பிறப்பின் பேரால் துப்பாக்கி என்றால் ஏற்போமா?

காட்டுப் பன்றி வந்து மக்காச்சோளக் கொல்லையை அழிக்கிறது என்று உழவன் கண்ணீர் விடுகிறான். பயிர்க் காப்புக்கென உரிமம் கேட்பதற்கு விதியிலே இடம் உண்டு. அவன் கேட்பதிலே நியாயமும் உண்டு. வங்கி வாயிலிலே இரவெல்லாம் நிற்கும் காவலரின் கையிலே இருப்பதும் கடமைக் கருவி. இந்த நேர்மையான மனிதர்களைத்தான், தெருவிலே துப்பாக்கி காட்டும் வீணர் கெடுக்கிறார். அவர் ஒருவர் ஆடிய ஆட்டத்துக்கு, கோப்பு கட்டி உரிமம் கேட்கும் உழவனையும் அதிகாரி ஐயக்கண் கொண்டு பார்க்கிறார். தேர்தல் வந்தால், உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்திலே ஒப்படைக்கச் சொல்கிறார்கள். “நாங்கள் என்ன குற்றவாளிகளா?” என்று உரிமையாளர் முணுமுணுக்கிறார். ஐயா, ஊரிலே ஒருவர் துப்பாக்கியைக் காட்டினாலும் வாக்குச்சாவடிக்குப் போகும் கால் தயங்கும். அந்தக் காலின் உரிமை உம்முடைய தோளின் அழகைவிடப் பெரிது!

ஆகவே, துப்பாக்கி வைத்திருப்போரே, நற்பெயர் வேண்டுமானால் வழி உண்டு. பூட்டி வையுங்கள், பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள், விதிப்படி உறையிலிட்டு எடுத்துச் செல்லுங்கள், மேடையிலும் மணப்பந்தலிலும் கைப்பேசிப் படத்திலும் காட்டாதீர்கள், கேட்டபோது கணக்குக் கொடுங்கள். இளைஞர்களே, உங்களுக்கு ஒரு சொல். “கெத்து” என்று எவனாவது துப்பாக்கிப் படத்தை நீட்டினால், அவனை ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “இதை ஒரு நரிக்குறவத் தோழர் தோளிலே கண்டால் மதிப்பாயா, காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்வாயா?” அவன் விழிப்பான். அந்த விழிப்பிலே அவன் துப்பாக்கிப் பெருமையும் குலைந்து போகும், அதற்குள்ளே ஒளிந்திருக்கும் சாதிப் பெருமையும் வெளியே வரும். வெளியே கொண்டுவந்து காட்டவேண்டியது அதைத்தான், துப்பாக்கியை அல்ல!